சான்றிதழ் கொடுத்தோம், திரும்பிப் பார்க்கவில்லை

பிறந்த குழந்தை அழவில்லை என்றால் லேபர் வார்டில் நிற்கும் செவிலியருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். அதற்குள் குழந்தையைத் துடைத்து உலர்த்த வேண்டும். கழுத்து மடங்காமல், அதிகம் நிமிராமல் தலையை வைக்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் அடைப்பு இருந்தால் எடுக்க வேண்டும். முதுகைத் தேய்த்துத் தூண்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால், அந்த நிமிடம் முடிவதற்குள், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் ஆம்பு பேக் கையில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை காற்று போக வேண்டும். மாஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் குழந்தையின் நெஞ்சு உயராது. நெஞ்சு உயராதபோது ஏன் என்று நின்று யோசிக்க நேரம் இல்லை. கழுத்தைத் திருத்துவது, மாஸ்க்கை மறுபடி பொருத்துவது, வாயைத் திறந்து வைப்பது, இன்னும் சற்று அழுத்திப் பார்ப்பது என்று கை தானாகவே அடுத்தடுத்துப் போக வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி நடத்தும் மருத்துவர்கள், செவிலியர் ஆசிரியர்கள், பேட்ச் பட்டியல் போடும் அலுவலர்கள், செலவுக் கணக்கு எழுதுபவர்கள் என எல்லோரையும் சேர்த்துத்தான் எங்கள் என்கிறேன். கற்றுக்கொடுத்தோம் என்பதில் பொய் இல்லை. கற்றது அவர்கள் கையில் தங்குவதற்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. அது எங்கள் பொறுப்பு என்றே நினைக்கவில்லை.

2009-இல் நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற பெயரில் ஒன்றிய அரசு இந்தப் பயிற்சியை நாடு முழுவதும் தொடங்கியது. இரண்டு நாள் வகுப்பு. வகுப்பு எப்படி நடக்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் வரும். மூன்று செவிலியர்கள் மாறி மாறி 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ளும் சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்பினால் மற்ற இருவரும் இரட்டை டியூட்டி பார்க்க வேண்டும். அப்படித்தான் அனுப்புவார்கள். இரவுப் பணி முடித்து, பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்கு வந்து சேர்பவர்களும் உண்டு. காலையில் ப்ரீ டெஸ்ட். அதன் பிறகு ஸ்லைடுகள். மதியத்துக்கு மேல் குழந்தைப் பொம்மையில் செய்து பார்ப்பது. முப்பது பேருக்கு இரண்டு பொம்மை இருந்தால், ஆளுக்கு எத்தனை நிமிடம் கையில் கிடைக்கும்? வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பதை உணர்ந்துகொண்டே சில தடவை அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் மாலை போஸ்ட் டெஸ்ட், சான்றிதழ், குரூப் போட்டோ. போஸ்ட் டெஸ்டில் மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறிய மதிப்பெண்ணை அறிக்கையில் எழுதி மேலே அனுப்புவோம்.

அந்த அறிக்கையில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு மாதம் கழித்தும் செய்ய முடிந்தவர் எத்தனை பேர் என்று கேட்கும் கட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை.

மறதியைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளை அவரே மனப்பாடம் செய்து, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் இடைவெளி விட்டுத் தன்னையே சோதித்துப் பார்த்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது என்றும், பிறகு மறதியின் வேகம் குறைந்துகொண்டே போகிறது என்றும் கண்டார். இதை நாங்கள் செவிலியர் கல்லூரியில் கல்வி உளவியல் பாடத்தில் படித்தோம். பிறகு நாங்களே பாடமும் எடுத்தோம். கைத்திறன் அசைகளைப் போல அவ்வளவு வேகமாகக் கரையாது என்பது உண்மைதான். ஆனால் பயன்படுத்தாமல் விட்ட கைத்திறனும் கரையும். இதய நுரையீரல் மீட்புப் பயிற்சியில் இது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் தரும் அட்டை இரண்டு ஆண்டுகள் செல்லும். பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே திறன் சரியத் தொடங்குகிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போதாது என்று 2018-இல் அதே சங்கம் வெளியிட்ட அறிக்கை சொன்னது.

பிரசவ அறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சு தொடங்க ஏதாவது ஓர் உதவி வேண்டியிருக்கும். பெரும்பாலும் துடைத்துத் தூண்டினாலே போதும். ஆம்பு பேக் வரை போக வேண்டியவை நூற்றுக்கு மூன்று முதல் ஆறு. மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 120 குழந்தைகள். அதில் ஆம்பு பேக் தேவைப்படுவது நான்கோ ஏழோ. அதை மூன்று செவிலியர்களுக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. ஒரு வாய்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எட்டு மாதம்கூட ஆகலாம். அந்த எட்டு மாதமும் அவர் ஊசி போடுகிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், கணினியில் விவரம் ஏற்றுகிறார். பிறகு ஓர் அதிகாலையில், துணைக்கு டாக்டர் இல்லாத நேரத்தில், அழாத குழந்தை ஒன்று கையில் வருகிறது.

தினமும் செய்யும் வேலையை அந்த வேலையே நினைவில் வைத்துவிடும். அபூர்வமாக வருவதை நாம்தான் ஏற்பாடு செய்து நினைவில் வைக்க வேண்டும். பிரசவம் குறைவாக நடக்கும் இடத்துக்குத்தான் மறுபயிற்சி அதிகம் வேண்டும் என்பது இந்தச் சின்னக் கணக்கிலிருந்தே தெரிகிறது. நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். பிரசவ எண்ணிக்கை அதிகமுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கே பொம்மை, திறன் கூடம், வந்து பார்க்கும் நிபுணர் எல்லாவற்றையும் கொடுத்தோம். கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குச் சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர் போனது.

இதைவிட மோசமான ஒன்றையும் செய்தோம். அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. குழந்தை இறந்தால் ஆய்வுக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், நீங்க ட்ரெயினிங் போனவங்கதானே?" என்பது. ஆமாம் என்றுதான் பதில் வரும், சான்றிதழ் கோப்பில் இருக்கும். அந்த ஆமாமோடு எங்கள் பக்கக் கணக்கு முடிந்துவிடும். அவர் பக்கக் கணக்கு தொடங்கும். விளக்கம் கேட்டு மெமோ போகும், அல்லது குறிப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் விழும். பதினான்கு மாதத்துக்கு முன் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, இடையில் ஒருமுறைகூட அவர் கையில் பொம்மையைக் கொடுக்காதவர்கள், மறந்தது அவர் குற்றம் என்று எழுதினோம். நாங்கள் கொடுத்த சான்றிதழை அவருக்கு எதிரான சாட்சியாகவே வைத்தோம். அந்த அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த செவிலியர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இறந்த குழந்தைகளின் தாய்மாருக்கு அதைவிட அதிகமாக.

போஸ்ட் டெஸ்ட் மதிப்பெண்ணை ஏன் அவ்வளவு நம்பினோம்? அது எங்களுக்குச் சாதகமான எண் என்பதால்தான். கற்ற அன்றே கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தை இருமுறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இருமுறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 81, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். அன்றைய மாலை மதிப்பெண்ணை வைத்து எது நல்ல முறை என்று முடிவு செய்தால் தவறான முறையைத்தான் தேர்ந்தெடுப்போம். நாங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். மேலும் மேலும் ஸ்லைடு சேர்த்தோம். மூடி வைத்துவிட்டுச் செய்துகாட்டச் சொல்வதற்கு நேரம் போதவில்லை என்றோம்.

கருத்துப் படிவமும் அதே மாதிரிதான். 'பயிற்சி எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, பரவாயில்லை.' பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை கற்றுக்கொடுத்ததைப் பற்றி ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. தினம் ஒரு மணி நேரம் மட்டும் கற்றவர்கள், ஒரே நாளில் பல மணி நேரம் கற்றவர்களைவிடக் குறைந்த மணிக்கணக்கில் திறமை அடைந்தார்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைவான திருப்தி அடைந்தவர்களும் அவர்களே, ஏனென்றால் நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்களைவிடப் பின்தங்கி நிற்பதாகத் தோன்றியது. கற்பவருக்குப் பிடித்திருப்பதும் கற்றது தங்குவதும் வேறு வேறு. பயிற்சியின் மதிப்பை நான்கு படிகளாகப் பிரித்து டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் பலன் உண்டா. நாங்கள் இரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டோம்.

அறுவை மருத்துவத்திலும் இதே கதைதான். டொரொன்டோவில் 38 பயிற்சி மருத்துவர்களுக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு பாடங்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரே நாளில், மறு பாதிக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரத்தில். அதே ஆசிரியர்கள், அதே நேரம், அதே செலவு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களின் கை தெளிவாக மேலாக இருந்தது. இந்த ஆய்வு வந்தது 2006-இல். எங்கள் தேசியப் பயிற்சி தொடங்குவதற்கு மூன்று ஆண்டு முன்பு.

ஆனால் எங்களை நேராகக் குற்றம் சாட்டும் ஆய்வு தான்சானியாவிலிருந்து வந்தது. அந்த நாட்டின் வடக்கே, நகரங்களிலிருந்து வெகு தொலைவில், ஹைடம் என்ற ஊரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பயிற்சிக்கு நெருக்கமான ஒரு திட்டத்தில், அங்குள்ள பிரசவ ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தார்கள். பொம்மையிடம் செய்துகாட்டச் சொன்னால் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். உண்மையான குழந்தைகளிடம் செய்வதில் மாற்றம் இல்லை. இதை 2013-இல் அவர்களே வெளியிட்டார்கள். தங்கள் பயிற்சி பலிக்கவில்லை என்று எழுதி வெளியிட்ட அந்த நேர்மை எங்களிடம் இருந்ததில்லை.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. பொம்மையை லேபர் வார்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம், டியூட்டியில் இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே செய்து பார்த்தார்கள். அதைச் சற்று நீண்ட மறுபயிற்சிகளோடு சேர்த்தார்கள். நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இல்லை, அங்கேயே வேலை பார்த்தவர்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11 என்று இருந்தது 7 ஆகக் குறைந்தது. 2015-இல் வந்த கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆம்பு பேக் தேவைப்பட்ட குழந்தைகளின் விகிதமும் இறங்கியிருந்தது. தூண்டுவதை முதலிலேயே சரியாகச் செய்ததால் பல குழந்தைகள் அதற்கு முன்னரே மூச்சு விட்டிருக்க வேண்டும். அதே நாட்டில் 30 மருத்துவமனைகளுக்கு விரிந்த திட்டத்தின் முடிவுகள் 2025-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தன. அங்கும் பிரசவ அறையிலேயே அடிக்கடி நடத்திய சிறு பயிற்சி ஒரு முக்கியப் பகுதி.

வாரத்துக்கு ஐந்து நிமிடம். எங்களிடம் இல்லாத எந்தக் கருவி அவர்களிடம் இருந்தது? பொம்மை எங்களிடமும் உண்டு. எங்கே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. எங்கள் பொம்மை திறன் கூடத்து அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதன் விலையோடு பெயர் ஏறியிருக்கிறது. உடைந்தால், தொலைந்தால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் சாவி வைத்திருப்பவர். ஆகவே அவர் அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார், பேட்ச் வரும்போது மட்டும் எடுக்கிறார். அந்த ஊழியரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தேய்வதற்காகவே வாங்கிய பொருள் தேய்ந்தால் தப்பில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பேட்ச் இல்லாத மாதங்களில் பொம்மை புதியது போலவே இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியும் பட்டிருக்கிறோம்.

மாதத்தில் ஒரு வாரம் இரண்டு செவிலியர் வழிகாட்டிகள் சுகாதார நிலையத்துக்கே போய்த் தங்கி, பிரசவ அறையில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் முறையைப் பிகாரில் நடத்தினார்கள். வட கர்நாடகத்திலும் செவிலியர் வழிகாட்டிகள் சுகாதார நிலையங்களுக்குப் போனார்கள். ஒன்றிய அரசே 2015-இல் கொண்டுவந்த தக்ஷதா திட்டத்தில், வகுப்புக்குப் பிறகு வழிகாட்டிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே யோசனை புதிதில்லை, தாளில் இருந்தது. நாங்கள் வகுப்பை நடத்தினோம். நேரில் போக வேண்டிய நாட்களில் வண்டி இல்லை, வேறு கூட்டம் வந்துவிட்டது, தேர்தல் பணி, தடுப்பூசி முகாம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் வகுப்பு ஒரு நாளும் ரத்தாகாமல் பார்த்துக்கொண்ட நாங்கள், அந்தப் பயணங்களை மட்டும் எளிதாக விட்டுக்கொடுத்தோம்.

நேரில் போன சில தடவைகளிலும் தவறான முறையில் போனோம். செக்லிஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும், "எங்கே, செஞ்சு காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டோம். மேலதிகாரி பார்க்க, கீழே வேலை செய்பவர்கள் பார்க்க, மாஸ்க் கசிந்தால் அது அவமானம். அடுத்த முறை நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் லீவு போடுவார்கள். நினைவிலிருந்து செய்து பார்ப்பதுதான் நினைவை வளர்க்கிறது, தப்பாகச் செய்து அந்த இடத்திலேயே திருத்திக்கொள்வதும் அதில் அடக்கம். தப்பு செய்யப் பயப்படும் இடத்தில் அது நடக்காது. கச்சேரி வாசிப்பவர் வீட்டுக்குள் தினம் சாதகம் செய்யும்போது நூறு முறை பிசகலாம், அங்கே யாரும் மார்க் போடுவதில்லை. செவிலியர்களுக்கு அப்படி ஓர் அறையை நாங்கள் தரவில்லை. பயிற்சியும் பரீட்சையும் ஒன்றே என்று ஆக்கிவைத்தோம்.

இன்சார்ஜ் சிஸ்டரை நம்பவுமில்லை. இருபது ஆண்டு லேபர் வார்டில் நின்றவர், புதிதாக வந்த பெண்ணை அருகில் அழைத்து, "வாம்மா, மாஸ்க்கை எப்படிப் பிடிக்கிறேன்னு பாரு, இப்ப நீ பிடி" என்று சொல்லிக்கொடுப்பதை எந்த ஸ்லைடும் ஈடு செய்யாது. அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்து, அதற்கென்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, அதை அவருடைய வேலையாக எழுதியிருந்தால் போதும். நாங்கள் பயிற்சி என்றால் டாக்டர் வந்து பேசுவது என்று வைத்திருந்தோம். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் செவிலியர்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கே பல இடங்களில் தயங்கினோம். அவர்கள்தான் இரவு டியூட்டியில் அதிகம் இருப்பவர்கள். பயிற்சி பெற்றவரை அடுத்த மாதமே லேபர் வார்டிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றிய உத்தரவுகளிலும் எங்கள் கையெழுத்து இருக்கிறது. பயிற்சி பெறாத ஒருவர் அந்த இடத்துக்கு வந்தபோது, அடுத்த பேட்ச்சில் அவர் பெயரைச் சேர்க்கலாம் என்றோம்.

ஆம்பு பேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பிரித்துக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி சேர்க்க வேண்டும். வால்வு திருப்பிப் பொருத்தப்பட்டால் காற்று போகாது. நிறை மாதக் குழந்தைக்கு 1 எண் மாஸ்க், குறைமாதக் குழந்தைக்கு 0 எண். ஒவ்வொரு ஷிஃப்ட்டின் தொடக்கத்திலும் பேக்கை எடுத்து, உள்ளங்கையில் மாஸ்க்கை வைத்து அழுத்திப் பார்த்தால் அரை நிமிடம். அந்த அரை நிமிடம் கருவியையும் சோதிக்கும், கையையும் பழக்கும். அதைக் கருவிப் பராமரிப்பு என்று ஒரு பதிவேட்டில் டிக் அடிக்கும் வேலையாகக் குறுக்கிவிட்டோம். டிக் இருக்கிறதா என்று பார்த்தோம், பேக்கை எடுத்து அழுத்திப் பார்க்கவில்லை.

தேசிய சுகாதாரத் திட்டத்துக்கு மாநிலங்கள் தங்கள் தேவையை எழுதி அனுப்புகின்றன. மாவட்டத்திலிருந்து நாங்கள் எழுதி அனுப்புவதில் எத்தனை பேட்ச், ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், சாப்பாடு, பயணப்படி, பேசுபவருக்கு மதிப்பூதியம் எல்லாம் இருக்கும். அடுத்த முறை எழுத உட்காரும்போது பேட்ச் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் பிரசவம் நடக்கும் ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் ஒரு பொம்மையும், தேய்ந்தால் மாற்ற ஒரு மாஸ்க்கும் பொம்மைக்கான நுரையீரல் பையும் கேட்க வேண்டும். அந்தப் பொம்மையை ஸ்டாக் ரிஜிஸ்டரில் நிரந்தரப் பொருள் பக்கத்திலிருந்து நுகர்பொருள் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். வழிகாட்டியாகப் போகும் செவிலியருக்கு வண்டியும், அவர் இடத்தில் டியூட்டி பார்க்க மாற்று ஆளும் வேண்டும். வகுப்பு முடிந்த ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை அவர் போய், பெயர் எழுதாத தாளில், எத்தனை பேருக்கு நெஞ்சு உயர்ந்தது என்று மட்டும் குறித்துவர வேண்டும். அந்தத் தாள் யாருடைய பணிப் பதிவேட்டிலும் போகக் கூடாது. ஆய்வுக் கூட்டத்தில் இனி முதல் கேள்வி எங்களிடம் கேட்கப்பட வேண்டும்: இந்த சிஸ்டர் கையில் கடைசியாகப் பொம்மையைக் கொடுத்தது எந்த மாதம்?

பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாதவையும் இதில் பல உண்டு. அலமாரியைத் திறந்துவிடுவதும், இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதும், பயிற்சி பெற்றவரை ஓர் ஆண்டுக்கு லேபர் வார்டிலிருந்து மாற்றாமல் இருப்பதும் ஓர் உத்தரவில் முடியும் காரியங்கள். அந்த உத்தரவுகளைப் போடும் அதிகாரம் இன்று எங்களிடம் இருக்கிறது, இத்தனை ஆண்டுகளாக இருந்தும் வந்திருக்கிறது.